கரி படியும் இடம்: ஏ.ஆர். வகைத் துப்பாக்கிகளும் பிஸ்டன் வழக்கும்

தானாகத் தோட்டா ஏற்றிக்கொள்ளும் படைத்துப்பாக்கி எதுவாயினும் அது அடிப்படையில் ஓர் உள்ளெரி எந்திரமே. பேருந்தின் டீசல் எந்திரத்தில் எரிபொருள் எரிந்து விரியும் வாயு பிஸ்டனைத் தள்ளுவதைப் போல, தோட்டாவுக்குள் இருக்கும் வெடிமருந்து எரிந்து விரியும் வாயு குண்டைக் குழலின் வழியே முன்னோக்கித் தள்ளுகிறது. பெரும்பாலானவற்றில் அந்த வாயுவிலிருந்து சிறு பகுதியைக் கடன் வாங்கித்தான், வெறுமையான தோட்டாக்கூட்டை வெளியே எறிந்து, சுருள்வில்லை அழுத்தி, அடுத்த தோட்டாவை அறைக்குள் செலுத்தும் வேலைகள் யாவும் நடைபெறுகின்றன. நேட்டோ நாடுகளின் படைகளில் பரவலாக வழங்கும் 5.56 மி.மீ. தோட்டாவில் 2 கிராமுக்கும் குறைவான வெடிமருந்தே உள்ளது. அது பற்றியதும் தோட்டா அறைக்குள் அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தைப் போல் ஏறக்குறைய 3,500 மடங்காக உயர்ந்து, 4 கிராம் எடையுள்ள குண்டை வினாடிக்கு 900 மீட்டர் அளவிலான வேகத்துக்கு முடுக்கி, சுமார் 1 மில்லிவினாடிக்குள் குழலைவிட்டு வெளியேற்றிவிடுகிறது. கடும் வெப்பம் கொண்ட இந்த வாயுவில், எரிந்தும் எரியாமலும் எஞ்சிய கரியும் செம்பு, ஈயம் ஆகியவற்றின் நுண்துகள்களும் கலந்திருக்கின்றன. கடனாகப் பெற்ற வாயு தன் வேலையை முடித்தபின் அந்தக் கரியையும் வெப்பத்தையும் எந்த இடத்தில் இறக்கிவைக்கிறது என்பதே, 60 ஆண்டுகளுக்கும் மேலாக ஏ.ஆர். வகைத் துப்பாக்கிகளைச் சுற்றி நடந்துவரும் வழக்கின் உள்ளீடு.

ஏ.ஆர். என்னும் எழுத்துகளைத் தாக்குதல் துப்பாக்கி என்பதன் ஆங்கிலச் சுருக்கமாகப் பலரும் கொள்வதுண்டு; அது பிழையானது. ஃபேர்சைல்ட் என்னும் அமெரிக்க விமான உற்பத்தி நிறுவனம் 1954-இல் தன் பிரிவாக அமைத்துக்கொண்ட, கலிஃபோர்னியாவின் ஹாலிவுட்டில் இயங்கிய ஆர்மாலைட் என்னும் சிறு பட்டறையின் பெயரிலிருந்து வந்தவை அவ்வெழுத்துகள். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கக் கடற்காலாட்படையில் பணியாற்றிய யூஜீன் ஸ்டோனர் அங்கே தலைமை வடிவமைப்பாளராக இருந்தார். விமானத் தொழிலில் பழகிப்போன அலுமினியக் கலவையையும் பிளாஸ்டிக்கையும், அதுவரை எஃகும் மரமும் மட்டுமே ஆண்டுவந்த துப்பாக்கித் தொழிலுக்குள் கொண்டுவந்ததே அப்பட்டறையின் முதற்புதுமை. ஸ்டோனர் 7.62 மி.மீ. தோட்டாவுக்கென உருவாக்கிய ஏஆர்-10 துப்பாக்கியை, அவருடைய சகாக்களான ராபர்ட் ஃப்ரீமான்ட், ஜேம்ஸ் சல்லிவன் ஆகிய இருவரும் சிறிய தோட்டாவுக்கு ஏற்பச் சுருக்கியபோது ஏஆர்-15 பிறந்தது. பணமுடையில் இருந்த ஆர்மாலைட், 1959-இல் அதன் உரிமையைக் கோல்ட் நிறுவனத்துக்கு விற்றுவிட்டது. அந்த விற்பனையின் விளைவு பின்னர் எதிர்பாராத ஓரிடத்தில் தலைகாட்டும்.

இவ்வடிவமைப்பின் தனித்தன்மையை அறிய, துப்பாக்கியின் உள்ளுறுப்புகள் சிலவற்றை முதலில் அறிந்துகொள்ள வேண்டும். தோட்டா வெடிக்கும் நேரத்தில் அறையின் பின்வாயை அடைத்து நிற்கும் எஃகுத்துண்டு போல்ட் எனப்படும், ஏ.ஆர். வகையில் அதன் தலையைச் சுற்றிப் பற்கள் உண்டு, அப்பற்கள் குழலின் பின்னுள்ள பள்ளங்களில் திரும்பிப் பூட்டிக்கொள்கின்றன. அந்தப் போல்ட்டைத் தன்னுள் ஏந்தியபடி முன்னும் பின்னும் ஓடும் கனமான உருளைக்குப் போல்ட் தாங்கி என்று பெயர். குண்டு குழலைவிட்டு நீங்கி அழுத்தம் தணியும்வரை பூட்டு திறக்கக்கூடாது. தணிந்தபின் தாமதிக்கவும் கூடாது. திறக்க வேண்டிய ஆணையையும் அதற்கான விசையையும் தருவது, குழலின் பக்கவாட்டில் இடப்பட்ட சிறு துளை வழியே வெளிவரும் வாயுவாகும்.

அந்த வாயுவை வேலைவாங்கும் முறைகள் மூன்று. துளைக்கு நேரே உள்ள உருளையில் பிஸ்டனை வைத்து, அதைப் போல்ட் தாங்கியோடு நிலையாக இணைத்துவிட்டால், இரண்டும் ஒரே உடலாகப் பின்வரை ஓடித் திரும்பும்; கலாஷ்னிக்கோவின் ஏகே-47 துப்பாக்கியில் உள்ள இது நீளோட்டப் பிஸ்டன் முறை எனப்படும். பிஸ்டனைத் தனியே விட்டு, அது சிறு தொலைவு மட்டும் பாய்ந்து தாங்கியை ஒரு சுத்தியல் அடிபோல அடித்துவிட்டுத் தன் இடத்துக்குத் திரும்பிவிடுமாறு செய்தால் அது குறுவோட்டப் பிஸ்டன் முறை. சோவியத் நாட்டின் டோக்கரேவ் துப்பாக்கியும் பெல்ஜியத்தின் எஃப்.என். ஃபால் துப்பாக்கியும் இவ்வகையைச் சார்ந்தவை. மூன்றாவது முறையில் தண்டு ஏதும் இல்லை. ஒரு மெல்லிய குழாய் வாயுவையே பின்னோக்கிக் கொண்டுவந்து தாங்கியின் முகத்தில் நேரே பாய்ச்சுகிறது. 1942-இல் ஸ்வீடன் ஏற்ற லியுங்மன் துப்பாக்கியும், பிரான்சின் எம்ஏஎஸ்-49 துப்பாக்கியும் இந்த நேர்வாயு முறையில் இயங்கின.

ஸ்டோனரின் துப்பாக்கியைப் பெரும்பாலான நூல்கள் இந்த மூன்றாம் வகையில் சேர்த்துவிடுகின்றன. வெளித்தோற்றத்தில் அது சரியே, ஏனெனில் குழலின் முன்பகுதியிலிருந்து ஒரு மெல்லிய எஃகுக் குழாய் பின்னோக்கி வருகிறது. ஆனால் அந்த வாயு தாங்கியின் முகத்தில் மோதுவதோடு நின்றுவிடுவதில்லை. தாங்கியின் உச்சியில் உள்ள வாய் வழியே அதன் உட்குழிவுக்குள் புகுந்து, போல்ட்டின் வாலுக்குப் பின்னே விரிகிறது. போல்ட்டின் வாலில் மூன்று வளையங்கள், மோட்டார் எந்திரப் பட்டறைகளில் பிஸ்டன் ரிங் என்று சொல்லப்படுபவற்றை ஒத்தவை, வாயு கசியாமல் அடைத்துநிற்கின்றன. ஆக, இங்கே போல்ட்டே பிஸ்டன், தாங்கியே சிலிண்டர். பிஸ்டன் அசையாமல் நிற்க, சிலிண்டர் பின்னோக்கி ஓடுகிறது. ஓடத் தொடங்கிய தாங்கி, தன் பக்கத்தில் வெட்டப்பட்ட சாய்ந்த பள்ளத்தால் போல்ட்டைத் திருப்பிப் பூட்டை அவிழ்க்கிறது; அதற்குள் தாங்கியின் வலப்புறத் துளைகள் திறந்து, வேலை முடிந்த வாயுவை வெளியே விடுகின்றன. 1956-இல் விண்ணப்பித்து 1960-இல் பெற்ற காப்புரிமையில், வழக்கமான நேர்வாயு முறையினின்று தன் முறை வேறுபட்டது என்பதை ஸ்டோனரே விளக்கியிருக்கிறார். பிஸ்டன் உள்ள துப்பாக்கியா, பிஸ்டன் இல்லாத துப்பாக்கியா என்று நெடுங்காலமாக வாதிடுவோர் பலரும், இரண்டு பிஸ்டன் துப்பாக்கிகளைப் பற்றியே வாதிடுகிறார்கள் என்பது இவ்வழக்கின் வேடிக்கைகளுள் ஒன்று.

இந்த ஏற்பாட்டில் நுட்பமான ஆதாயங்கள் உண்டு. தள்ளுவிசை, போல்ட், குழல், தோள்கட்டை எல்லாம் ஒரே நேர்கோட்டில் அமைவதால், சுடும்போது துப்பாக்கியின் மூக்கு மேலெழுவது குறைகிறது. குழலின்மேல் தண்டும் உருளையும் ஏறியமராததால் எடை குறைகிறது. குழலும் தடையின்றி ஒரே சீராக அதிர்கிறது, அதனால் குண்டுகள் இலக்கில் நெருங்கி விழுகின்றன. தாங்கிக்குள் விரியும் வாயு, தாங்கியைப் பின்னே தள்ளும் அதே நேரத்தில் போல்ட்டை முன்னே தள்ளுவதால், பூட்டுப்பற்களின் மேலுள்ள சுமை இளகி, அவை எளிதாகத் திரும்புகின்றன. அதுவரை அமெரிக்கப் படைவீரர் சுமந்த எம்14 துப்பாக்கி 4 கிலோவுக்கு மேல் எடை கொண்டது. இப்புதிய துப்பாக்கியோ 3 கிலோ அளவிலேயே நின்றது.

விலை என்னவென்றால், அடுப்பின் புகைபோக்கியைச் சமையலறைக்குள்ளேயே திறந்துவிட்டது போல, வாயுவின் கரியும் வெப்பமும் துப்பாக்கியின் மிக நுண்ணிய உறுப்புகள் குடியிருக்கும் அறைக்குள்ளேயே வந்து சேர்கின்றன. கரி போல்ட்டின் வாலில் படிந்து இறுகுகிறது. வெப்பம் மசகெண்ணெயை உலர்த்துகிறது. எண்ணெயிட்டு வைத்திருக்கும்வரை இது பொறுக்கத்தக்க விலைதான். எண்ணெய் உலர்ந்துவிட்டால் கதை மாறும்.

வியட்நாம் போரில் இத்துப்பாக்கி அடிக்கடி சிக்கிக்கொண்டதை இந்தக் கரியின் கணக்கிலேயே எழுதிவிடும் வழக்கம் உண்டு. வரலாறு அவ்வளவு நேர்கோட்டில் செல்லவில்லை. அமெரிக்க விமானப்படை ஜெனரல் கர்டிஸ் லெமே 1960-இல் ஒரு விருந்தில் ஏஆர்-15-ஆல் தர்பூசணிப் பழங்களைச் சுட்டுப் பார்த்து மயங்கிய பிறகு, விமானப்படையே அதை முதலில் வாங்கியது. 1963-இன் இறுதியில், படைகளில் எம்16 என்று பெயர்பெற்ற அத்துப்பாக்கி ராணுவத்துக்கு 85,000, விமானப்படைக்கு 19,000 என்று கோல்ட் நிறுவனத்துக்கு ஆணை தரப்பட்டது. ராணுவம் தன் துப்பாக்கியில், முழுதாக மூடாத போல்ட்டைக் கையால் அழுத்தி மூடுவதற்கென ஒரு பொத்தானைக் கட்டாயமாகச் சேர்க்கச் சொன்னது. அது தேவையற்றது என்று விமானப்படையும் ஸ்டோனரும் கருதினர். அந்தப் பொத்தானுக்காக அவ்வளவு வாதாடிய ராணுவம், எம்14 துப்பாக்கியின் குழலுக்குத் தான் முன்பே இட்டிருந்த குரோமிய முலாமை இதற்கு வேண்டுமென்று கேட்கவில்லை. ஈரமும் வெப்பமும் நிறைந்த தென்கிழக்காசியக் காடுகளில் முலாம் இல்லாத தோட்டா அறை துருப்பிடித்துச் சொரசொரப்பாகும் என்பது, இரண்டாம் உலகப் போரைப் பசிபிக் தீவுகளில் நடத்திய படைக்குத் தெரியாத செய்தியன்று.

அதனினும் பெரிய மாற்றம் தோட்டாவுக்குள் நடந்தது. ஏஆர்-15, டூபான்ட் நிறுவனத்தின் ஐஎம்ஆர் 4475 என்னும் குச்சி வடிவ வெடிமருந்தைக் கொண்டு வடிவமைக்கப்பட்டுச் செம்மைப்படுத்தப்பட்டது. ராணுவம் நிர்ணயித்த வேகத்தை, நிர்ணயித்த அழுத்தத்துக்குள், பேரளவு உற்பத்தியில் அம்மருந்தால் சீராக எட்ட முடியாதபோது, ஒலின் நிறுவனத்தின் டபிள்யூசி 846 என்னும் உருண்டை வடிவ மருந்து 1964-இல் ஏற்கப்பட்டது. மருந்தின் துகள் வடிவம் எரியும் விதத்தை முடிவு செய்கிறது. உச்ச அழுத்தம் ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தாலும், உருண்டை மருந்து குண்டு குழலில் நெடுந்தூரம் சென்றபின்னும் எரிந்துகொண்டிருந்ததால், வாயு எடுக்கும் துளைக்கு நேரே அழுத்தம் கூடிவிட்டது. கூடிய அழுத்தம் தாங்கியை வேகமாகப் பின்தள்ளியது. நிமிடத்துக்கு 700 முதல் 800 வரை சுட வேண்டிய துப்பாக்கி 1,000-ஐ நெருங்கிச் சுட்டது. தோட்டாக்கூடு அறையின் சுவரை இன்னும் இறுகப் பற்றியிருக்கும் கணத்திலேயே அதை இழுக்க முயன்றதால், அதன் விளிம்பு கிழிந்து, கூடு அறைக்குள்ளேயே தங்கிவிட்டது. உருண்டை மருந்தில் அமிலத்தன்மையை முறிக்கச் சேர்க்கப்படும் கால்சியம் கார்பனேட்டு எரிந்து விட்டுச்சென்ற படிவோ வாயுக்குழாயை அடைத்தது.

துருப்பிடித்த அறை, அவசரப்படும் போல்ட், மேலதிகப் படிவு ஆகிய மூன்றும் சேர்ந்தபோது, சண்டையின் நடுவே குழல்வாயில் கம்பியை விட்டுச் சிக்கிய கூட்டைக் குத்தித் தள்ள வேண்டிய நிலைக்கு வீரர்கள் ஆளானார்கள். துடைப்பதற்கு வேண்டிய கருவிகள் துப்பாக்கிகளோடு போதுமான அளவில் அனுப்பப்படவில்லை. இதைத் துடைக்கவே தேவையில்லை என்ற எண்ணமும் படைக்குள் பரவியிருந்தது. 1967-இல் பேராளர் அவையின் உறுப்பினர் ரிச்சர்டு இகார்டு தலைமையிலான துணைக்குழு இதை விசாரித்து, வெடிமருந்து மாற்றத்தையும் அதன் விளைவை அறிந்தும் திருத்தாமல் இருந்த நிர்வாகத்தையும் கடுமையாகச் சாடியது. அதன்பின் தோட்டா அறைக்குக் குரோமிய முலாம் வந்தது. பின்னோட்டத்தின் வேகத்தை அடக்கக் கனமான தடுப்பான் வந்தது. மருந்தில் கார்பனேட்டின் அளவு குறைக்கப்பட்டது. துப்பாக்கியைப் பேணும் முறையைச் சித்திரக்கதையாக வரைந்து கற்பிக்கும் பொறுப்பு வில் ஐஸ்னர் என்னும் புகழ்பெற்ற ஓவியரிடம் ஒப்படைக்கப்பட்டது. இத்திருத்தங்களுள் எதுவும் ஸ்டோனரின் வாயு முறையைத் தொடவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். முறையை மாற்றாமலேயே எம்16ஏ1 நம்பத்தக்க துப்பாக்கியாகியது. எனினும் கெட்ட பெயர் முறையின்மேல் ஒட்டிக்கொண்டது. பிஸ்டனுக்கு ஆதரவான வாதங்களில் பெரும்பகுதி இன்றும் அந்தப் பெயரின் வட்டியில்தான் வாழ்கிறது.

இனி 1959-இன் விற்பனைக்குத் திரும்பலாம். தன் மிகச் சிறந்த வடிவமைப்பை விற்றுவிட்ட ஆர்மாலைட், அதே போன்ற துப்பாக்கி ஒன்றைச் செய்து பிழைக்க வேண்டுமானால், கோல்ட்டின் கையில் இருந்த வாயு முறைக் காப்புரிமையைத் தொடாமல் செய்தாக வேண்டும். ஸ்டோனர் விலகியபின் ஆர்தர் மில்லர் 1963 அளவில் உருவாக்கிய ஏஆர்-18, அந்த நெருக்கடியின் குழந்தை. திரும்பிப் பூட்டும் பல்வரிசைப் போல்ட்டை வைத்துக்கொண்டு, வாயுக்குழாய்க்குப் பதிலாகக் குழலின்மேல் பகுதிகளாகப் பிரியும் குறுவோட்டப் பிஸ்டனை அது வைத்தது. அலுமினிய உடலுக்குப் பதிலாகத் தகடு அழுத்தி உருவாக்கிய மலிவான எஃகு உடலைக் கொண்டது. எந்தப் பெரிய ராணுவமும் அதைத் தன் முதன்மைத் துப்பாக்கியாக ஏற்கவில்லை. ஆயினும் அதன் வயிற்றில் இருந்த ஏற்பாடு நாடு நாடாகப் பரவியது: பெயரில் சீனக் குடியரசு ஆண்டுக்கணக்கின் 65-ஐ, அதாவது 1976-ஐத் தாங்கிய தைவானின் டி65, வெளித்தோற்றத்தில் எம்16 போலவும் உள்ளே ஏஆர்-18 போலவும் அமைந்தது, சிங்கப்பூர், உரிமம் பெற்று எம்16எஸ்1 செய்துகொண்டிருந்த அதே தொழிற்சாலையில் எஸ்ஏஆர்-80-ஐ உருவாக்கியது, பிரிட்டனின் எல்85, ஜெர்மனியின் ஜி36 ஆகியவையும் இதே மரபின. உரிமைச் சட்டத்துக்கு அஞ்சி எடுத்த மாற்றுவழி, பொறியியல் நெடுஞ்சாலையாகிப்போன கதை இது.

பிஸ்டன் மீண்டும் ஏ.ஆர். உடலுக்குள் நுழைந்ததற்கான பௌதிகக் காரணம், குழல் குட்டையானதில் இருக்கிறது. எம்16 துப்பாக்கியின் குழல் 508 மி.மீ. நீளமுடையது, வாயுத்துளையைக் கடந்தபின் குண்டு ஏறத்தாழ 18 செ.மீ. ஓட வேண்டும், அதாவது வாயு எடுத்துக்கொள்ளக் கிடைக்கும் நேரம் ஒரு மில்லிவினாடியில் ஐந்தில் ஒரு பங்கு. வாகனங்களிலும் கட்டடங்களுக்குள்ளும் போரிடுவோருக்காக வந்த எம்4 கார்பைன் 368 மி.மீ. குழல் கொண்டது. துளைக்கு அப்பால் ஓடும் தூரம் ஏறக்குறைய அதே 18 செ.மீ.தான், ஆனால் துளை அறைக்கு அருகே நகர்ந்துவிட்டதால், அங்கே வாயு இன்னும் சூடாகவும் இன்னும் அழுத்தமாகவும் இருக்கிறது. வியட்நாமில் மருந்து செய்த வேலையை இங்கே துளையின் இடம் செய்கிறது. குழலை 264 மி.மீ. அளவுக்கு மேலும் குறைத்தால், துளைக்கு அப்பால் மிஞ்சுவது 6 அல்லது 7 செ.மீ.; அவ்வளவு குறுகிய நேரத்தில் போதிய வாயுவைப் பெறத் துளையைப் பெரிதாக்க வேண்டியிருப்பதால், துப்பாக்கி ஒருபுறம் பட்டினிக்கும் மறுபுறம் அஜீரணத்துக்கும் இடையே தத்தளிக்கத் தொடங்குகிறது. இத்தகைய குட்டைக் குழல்களையே சிறப்புப் படைகள் விரும்பின.

அமெரிக்காவின் டெல்டா சிறப்புப் படைக்காக, ஜெர்மனியின் ஓபர்ண்டார்ஃப் நகரைச் சேர்ந்த ஹெக்லர் அண்ட் கோக் நிறுவனம் உருவாக்கிய எச்கே416, இச்சிக்கலுக்கான விடையாக 2004 அளவில் வந்தது. எம்4-இன் பிடி, விசை, மேகசின், அமைப்பு எல்லாம் அப்படியே இருக்க, வாயுக்குழாயை நீக்கி ஜி36 வழிவந்த குறுவோட்டப் பிஸ்டனைப் பொருத்திய துப்பாக்கி அது. முதலில் எம்4 என்ற பெயரையே அது தாங்கியிருந்தது; கோல்ட் நிறுவனம் வணிகப்பெயர் உரிமை கோரி வழக்குத் தொடுத்தபின், எம்4-இன் 4-ஐயும் எம்16-இன் 16-ஐயும் சேர்த்து 416 ஆயிற்று. பிஸ்டனும் கரியும் குழலின்மேல் முன்பகுதியிலேயே தங்கிவிடுவதால், போல்ட் அறை நெடுநேரச் சூட்டுக்குப் பின்னும் தொட்டுப்பார்க்கும் அளவுக்குச் சூடு குறைந்தும் எண்ணெய்ப்பசை மாறாமலும் இருக்கிறது. நீரிலிருந்து எழுந்த உடனேயே சுடும் திறன் இன்னொரு ஆதாயம்: மெல்லிய வாயுக்குழாயில் நீர் நிறைந்திருக்கும்போது சுட்டால், அமுக்க முடியாத அந்த நீர்த்தூண் துப்பாக்கியையே சிதைக்கக்கூடும், பிஸ்டன் முறையில் அவ்வபாயம் பெரிதும் குறைகிறது.

படைகள் அதை ஏற்ற வரிசையும் கவனத்துக்குரியது. நார்வே 2007-இல் 8,200 துப்பாக்கிகளுக்கு ஆணையிட்டுத் தன் பழைய 7.62 மி.மீ. துப்பாக்கிகளை ஓய்வுக்கு அனுப்பியது. அமெரிக்கக் கடற்காலாட்படை 2010-இல் அதே துப்பாக்கியை எம்27 என்ற பெயரில், குழுவின் இலகு இயந்திரத் துப்பாக்கிக்கு மாற்றாக எடுத்துக்கொண்டு, பின்னர் தன் காலாட்படை வீரர் அனைவருக்கும் அதை விரித்தது. பிரான்ஸ் 2016-இல் ஃபமாஸ் துப்பாக்கிக்கு மாற்றாக எச்கே416-ஐத் தேர்ந்து, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவற்றுக்கு ஒப்பந்தமிட்டது. ஃபமாஸ் வாயுவைத் தட்டியெடுக்காமல் தோட்டாக்கூட்டின் பின்னுதைப்பையே நெம்புகோலால் தாமதித்துப் பயன்படுத்தும் துப்பாக்கி. அது பிரெஞ்சு எஃகுக்கூட்டுத் தோட்டாவுக்கென இசைவிக்கப்பட்டிருந்ததால், மற்ற நாடுகளின் பித்தளைக்கூட்டுத் தோட்டாக்களோடு ஒத்துப்போகவில்லை. துப்பாக்கியும் தோட்டாவும் ஒரே எந்திரத்தின் இரு பாதிகள் என்பதற்கு எம்16-க்கு அடுத்தபடியாகச் சொல்லத்தக்க சான்று அது.

ஜெர்மனியின் அனுபவம் இன்னும் சிக்கலானது. அங்கே நீக்கப்பட்ட ஜி36-உம் குறுவோட்டப் பிஸ்டன் துப்பாக்கியே. தொடர்ந்து சுட்டுச் சூடேறும்போது அதன் குறி விலகுகிறது என்று 2015-இல் பாதுகாப்பு அமைச்சர் உர்சுலா ஃபொன் டெர் லையன் அறிவித்து அதன் எதிர்காலத்தை முடித்துவைத்தார். உற்பத்தியாளரோ, ஒப்பந்தத்தில் கேட்டதைத் தந்ததாக நீதிமன்றத்தில் வாதாடி 2016-இல் வென்றார். பிஸ்டன் போல்ட் அறையைக் குளிரவைக்குமே தவிர, வெப்பத்தின் பெரும்பங்கை வாங்கிக்கொள்ளும் குழலைக் குளிரவைக்காது என்பது அவ்வழக்கின் பௌதிகம். அடுத்த போட்டியில் ஹேனல் நிறுவனத்தின் துப்பாக்கி 2020-இல் முதலில் வென்று, சில வாரங்களிலேயே காப்புரிமை மீறல் ஐயத்தால் விலக்கப்பட்டது. பூசல், நீரிலிருந்து எழுந்ததும் சுடுவதற்கென இடப்பட்ட வடிகால் துளைகளைப் பற்றியது. இறுதியில் 416-இன் புதிய வடிவம் ஜி95 என்ற பெயரில் ஏற்கப்பட்டது.

பிஸ்டன் தரப்பு அடிக்கடி முன்வைக்கும் சான்று, 2007-இன் பிற்பகுதியில் அமெரிக்க ராணுவம் மேரிலாந்தின் அபர்டீன் சோதனைத் தளத்தில் நடத்திய கடும்புழுதிச் சோதனை. நான்கு வகைகளில் வகைக்குப் பத்துத் துப்பாக்கிகள், துப்பாக்கிக்கு 6,000 தோட்டாக்கள் என 60,000 தோட்டாக்கள் வீதம் சுடப்பட்டன. பிஸ்டன் வகைகளான எச்கே எக்ஸ்எம்8 127 முறையும், ஸ்கார் 226 முறையும், எச்கே416 233 முறையும் தடைபட்டபோது, எம்4 882 முறை தடைபட்டது. எண்ணிக்கை பேசுகிறது, ஆனால் அது பேசும் பொருள் ஒன்றன்று. எம்4-இன் தடைகளுள் கால்பங்குக்கு மேல் மேகசினால் வந்தவை, அவற்றுக்கும் வாயு முறைக்கும் தொடர்பில்லை. அதே ஆண்டின் கோடையில் நடந்த முந்தைய சோதனையில், அதே எம்4 60,000 தோட்டாக்களில் 307 முறையே தடைபட்டிருந்தது. அத்துடன், சோதிக்கப்பட்டது வெளியிலிருந்து வரும் புழுதியே அன்றி உள்ளே விளையும் கரியன்று. பிஸ்டன் துப்பாக்கிகளின் வெற்றிக்கு, அவற்றின் எண்ணெய் உலராமல் இருந்ததே பெருங்காரணமாக இருந்திருக்கக்கூடும். எம்4-க்கு மாற்றுத் தேட அமெரிக்க ராணுவம் தொடங்கிய புதிய கார்பைன் போட்டியோ, எந்தப் போட்டியாளரும் வேண்டிய தகுதியை எட்டவில்லை என்று 2013-இல் கைவிடப்பட்டது.

பிஸ்டனும் தன் விலையைக் கேட்கிறது. ஸ்டோனரின் தாங்கியைத் தள்ளும் விசை அதன் நடு அச்சில் செயற்படுகிறது. குறுவோட்டப் பிஸ்டனோ தாங்கியின் உச்சியில் அடிக்கிறது. உச்சியில் அடிபட்ட உருளை நேராகப் பின்னே செல்லாமல் தன் வாலைத் தாழ்த்திச் சாய்ந்து, தோள்கட்டைக்குள் உள்ள அலுமினியக் குழாயின் விளிம்பை உரசித் தேய்க்கிறது. அந்தச் சாய்வைத் தாங்கும்படி தாங்கியின் அடிப்பகுதியைத் திருத்தியமைக்க வேண்டியிருந்தது. தண்டும் அதன் கூடும் சேர்வதால் எடை முன்னே ஏறுகிறது. எச்கே416 தன் அளவொத்த எம்4-ஐவிட ஏறக்குறைய அரைக்கிலோ கனமானது. ஒவ்வொரு நிறுவனத்தின் பிஸ்டனும் வெவ்வேறாக இருப்பதால் உதிரிப்பாகங்கள் ஒன்றுக்கொன்று பொருந்துவதில்லை என்பது, கிடங்கைப் பேணும் அலுவலரின் கண்ணுக்கு மட்டும் தெரியும் குறை. ஆனால் படைகளுக்கு அது சிறிதன்று.

இந்தியாவும் இவ்வரிசையில் உண்டு. திருச்சிராப்பள்ளி, இச்சாப்பூர், கான்பூர் ஆகிய ஊர்களின் படைக்கலத் தொழிற்சாலைகளில் உருவான 5.56 மி.மீ. இன்சாஸ், நீளோட்டப் பிஸ்டன் மரபில் வந்தது. அதன் இடத்தில் எல்லைமுனைப் படைகளுக்கென 2019-இல் 72,400 சிக்716 துப்பாக்கிகளுக்கு ஒப்பந்தமிடப்பட்டு, 2024-இல் மேலும் 73,000 கேட்கப்பட்டது. சிக்716, ஏஆர்-10-இன் உடலும் குறுவோட்டப் பிஸ்டனும் கொண்டது. எனினும் இத்தேர்வில் பேசப்பட்டதெல்லாம் 7.62 மி.மீ. தோட்டாவின் எட்டுதிறனும் தாக்குவலிமையும்தான். பிஸ்டன் அத்தோட்டாவோடு கூடவே வந்து இறங்கியது. படைகளின் கொள்முதல் பெரும்பாலும் இப்படித்தான் நடக்கிறது என்பதால், பிஸ்டன் துப்பாக்கிகளின் பெருக்கத்தைப் பிஸ்டனின் வெற்றியாக மட்டும் படிப்பது பொருந்தாது.

அண்மைக் காலத்தில் வழக்கின் திசையை மாற்றியிருப்பது, பேச்சுவழக்கில் சைலன்சர் எனப்படும் ஒலியடக்கி. குழல்வாயில் பொருத்தப்படும் அது, வெளியேறும் வாயுவைச் சிறிது நேரம் தடுத்துவைப்பதால், தடுக்கப்பட்ட வாயு குழல் வழியாகவும் வாயுத்துளை வழியாகவும் பின்னோக்கித் திரும்பி, சுடுவோரின் கண்ணிலும் மூக்கிலும் சென்று சேர்கிறது. வாயுக்குழாய் முறையில் இத்தொல்லை மிகுதி. ஆனால் குழலின் பின்வாய் வழியே வரும் வாயுவைப் பிஸ்டனாலும் தடுக்க முடியாது. 2022-இல் அமெரிக்க ராணுவம் எம்4-க்கு மாற்றாகத் தேர்ந்த, இப்போது எம்7 எனப்படும் துப்பாக்கி, 6.8 மி.மீ. தோட்டாவை மிக உயர்ந்த அழுத்தத்தில் சுடுவது. குறுவோட்டப் பிஸ்டன் கொண்டது. வீரர் ஒவ்வொருவருக்கும் ஒலியடக்கியோடு வழங்கப்படுவது. அதன் ஒலியடக்கி, ஓசையை அடக்குவதோடு வாயுவை முன்னோக்கியே வடியவிட வேண்டும் என்ற நோக்கத்தோடு அமைக்கப்பட்டது. புகைபோக்கியின் வாயைத் திருத்தினால் சமையலறையின் இடத்தை மாற்ற வேண்டிய தேவை குறைகிறது என்பதை அது சொல்லாமல் சொல்கிறது.

அத்தகைய ஒலியடக்கியை எப்போதும் பொருத்தியே பயன்படுத்துவதற்கென, 2023-இல் பிரிட்டன் தன் கடற்காலாட்படைக்கும் ராணுவத்தின் சிறப்பு நடவடிக்கைப் படையணிக்கும் எல்403ஏ1 என்னும் துப்பாக்கியைத் தேர்ந்தது. பத்தாண்டில் 10,000 வரை வாங்குவதற்கு அவ்வொப்பந்தம் இடம் தருகிறது. ஏஆர்-18-இன் பிஸ்டனைத் தன் எல்85-இல் 40 ஆண்டுக்கு அருகில் சுமந்த நாடு, ஒலியடக்கி பூட்டிய 348 மி.மீ. குட்டைக் குழலுக்குப் பழைய வாயுக்குழாயையே தெரிந்தெடுத்தது. ஃப்ளாரிடாவின் நைட்ஸ் ஆர்மமென்ட் நிறுவனம் அதற்கு இட்ட பெயர் கேஎஸ்-1; எஸ் என்னும் எழுத்து, தம் கடைசி ஆண்டுகளில் அந்நிறுவனத்தோடு சேர்ந்து பணியாற்றி 1997-இல் மறைந்த யூஜீன் ஸ்டோனரைக் குறிக்கிறது.